பணம் போயிடுச்சு, ஸ்லிப் வரலை... மலையடிவாரக் கடைகளில் ஸ்வைப் மெஷின் திணறுவது ஏன்? தேனி, கம்பம் பள்ளத்தாக்கை வைத்து ஒரு விளக்கம்

கார்டை மெஷினில் செருகியாச்சு. பின் நம்பர் போட்டாச்சு. செல்போனுக்கு 'உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டது' என்று மெசேஜும் வந்தாச்சு. ஆனால் மெஷினில் ஸ்லிப் மட்டும் வரவில்லை. கடைக்காரரோ 'எனக்கு வரலையே' என்கிறார். அப்போ அந்தப் பணம் எங்கே போனது?

நகரங்களில் எப்போதாவது நடக்கும் இந்தச் சிக்கல், இரண்டு பக்கமும் மலை சூழ்ந்த பகுதிகளில் அடிக்கடி தலைகாட்டும். கிழக்கே வருசநாடு, மேகமலைத் தொடர். மேற்கே ஏலக்காய் மலை. நடுவில் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று நீளும் கம்பம் பள்ளத்தாக்கு அப்படிப்பட்ட ஓர் இடம்தான். இங்கே திராட்சை வியாபாரி முதல் டீக்கடைக்காரர் வரை க்யூஆர் கோடு வைத்திருக்கிறார்கள். ஆனால் பணம் போகும் பாதை கண்ணுக்குத் தெரிவதில்லை. அது அறுந்தால் 'சர்வர் டவுன்' என்ற ஒரே வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

உண்மையில் டவுன் ஆவது சர்வரா, டவரா? பணம் சிக்கினால் எத்தனை நாளில் திரும்பி வரும்? சிக்னலே இல்லாத இடத்தில் என்ன வழி?

ஒரே பாதை, மூன்று மெஷின்

தேனி மாவட்டத்தில் சாதாரண மக்கள் கை வைக்கும் மெஷின்கள் மூன்று வகை. முதலாவது, கடைகளில் இருக்கும் ஸ்வைப் மெஷின். பக்கத்திலேயே க்யூஆர் கோடும், 'பணம் பெறப்பட்டது' என்று சத்தம் போடும் சவுண்ட் பாக்ஸும் இருக்கும். இரண்டாவது, ரேஷன் கடையில் ஸ்மார்ட் கார்டை ஸ்கேன் செய்து கைரேகை வாங்கும் பிஓஎஸ் மெஷின். மூன்றாவது, உரக்கடையில் ஆதார் கேட்கும் பிஓஎஸ் மெஷின்.

மூன்றும் செய்யும் வேலை வேறு. ஒன்று பணத்தை நகர்த்துகிறது, ஒன்று அரிசியை, இன்னொன்று உர மூட்டையை. ஆனால் அடிப்படை ஒன்றுதான். மெஷினுக்குள் எந்த முடிவும் எடுக்கப்படுவதில்லை. அது கேள்வியை மட்டும் கேட்கிறது. பதில் சொல்லும் சர்வர் எங்கோ தொலைவில் இருக்கிறது. கேள்வி போய் பதில் திரும்பும் வரை கடையில் வரிசை நகராது.

கார்டு செருகினால் என்ன நடக்கிறது?

ஒரு மளிகைக் கடையில் 640 ரூபாய்க்கு கார்டு போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டம்: மெஷின் கார்டின் சிப்பைப் படிக்கிறது. நீங்கள் அழுத்தும் பின் நம்பரை அங்கேயே மறைகுறியீடாக மாற்றிவிடுகிறது. தொகை, கடையின் அடையாள எண், மெஷினின் எண், வரிசை எண் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சின்ன தகவலாகக் கட்டுகிறது. இந்தத் தகவல் எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 8583 என்ற உலக அளவிலான தரநிலை 1987-லிருந்தே இருக்கிறது.

இரண்டாம் கட்டம்: மெஷினுக்குள் இருக்கும் சிம் கார்டு வழியாக அந்தத் தகவல் பக்கத்து டவருக்குப் போகிறது. அங்கிருந்து செல்போன் நிறுவனத்தின் நெட்வொர்க் வழியாக, மெஷினைக் கொடுத்த வங்கியின் சர்வரைச் சென்றடைகிறது.

மூன்றாம் கட்டம்: அந்த வங்கி, ரூபே என்றால் என்பிசிஐ வழியாகவும், மற்ற கார்டு என்றால் விசா அல்லது மாஸ்டர்கார்டு வழியாகவும் உங்கள் வங்கியைக் கேட்கிறது. 'இவர் கணக்கில் 640 ரூபாய் இருக்கா? பின் சரியா?'

நான்காம் கட்டம்: உங்கள் வங்கி பணத்தைக் கழித்துவிட்டு 'ஓகே' சொல்கிறது. அந்த ஓகே வந்த வழியே திரும்பி வந்து, மெஷினில் ஸ்லிப்பாக வெளியே வருகிறது.

எல்லாம் சரியாக நடந்தால் இதற்குச் சில வினாடிகள்தான். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பணம் கழிக்கப்படுவது நான்காம் கட்டத்தின் தொடக்கத்தில். ஸ்லிப் வருவது அதன் முடிவில். இரண்டுக்கும் நடுவே பாதை அறுந்தால்? அதுதான் 'பணம் போயிடுச்சு, ஸ்லிப் வரலை'.

'பாக்கெட்' நெட்வொர்க் என்றால் என்ன?

இதைப் புரிந்துகொள்ள கம்பத்தின் பன்னீர் திராட்சையே போதும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற அதே திராட்சைதான். தோட்டத்திலிருந்து திராட்சை அனுப்ப இரண்டு வழி உண்டு. ஒன்று, முழு லாரியை வாடகைக்குப் பிடிப்பது. லாரியில் பாதி காலியாக இருந்தாலும் வாடகை முழுசுதான். இன்னொன்று, பார்சல் ஆபீஸில் பெட்டி பெட்டியாகப் போடுவது. ஒவ்வொரு பெட்டியிலும் முகவரி இருக்கும். ஊர் போகிற எந்த வண்டியில் இடம் இருக்கிறதோ, அதில் ஏற்றிவிடுவார்கள்.

பழைய தொலைபேசி அழைப்பு முழு லாரி மாதிரி. பேசினாலும் பேசாவிட்டாலும் லைன் உங்களுக்கே. பாக்கெட் நெட்வொர்க் பார்சல் ஆபீஸ் மாதிரி. தகவல் சின்னச் சின்ன பொட்டலங்களாகப் பிரிந்து, மற்றவர்களின் பொட்டலங்களோடு சேர்ந்து ஒரே பாதையில் பயணிக்கிறது.

ஸ்வைப் மெஷின்களின் வரலாறும் இந்த இரண்டு வழிகளுக்கு நடுவே நகர்ந்ததுதான். ஆரம்பத்தில் கார்டின் மேல் கார்பன் தாளை வைத்துத் தேய்த்து நகல் எடுத்தார்கள். பிறகு டெலிபோன் லைனில் மாட்டிய மெஷின்கள் வந்தன. ஒவ்வொரு கார்டுக்கும் அது வங்கிக்கு போன் போட்டு, 'கீ...' என்ற மோடம் சத்தத்தோடு இணைந்து, பதில் வாங்கித் துண்டிக்கும்.

சில நாடுகள் அப்போதே பாக்கெட் வழிக்குப் போய்விட்டன. எக்ஸ்.25 என்ற பாக்கெட் தரநிலை 1976-ல் வந்தது. பிரான்ஸ் 1978-ல் டிரான்ஸ்பாக் என்ற நெட்வொர்க்கைத் தொடங்கி, கடைகளின் கார்டு மெஷின்களையும் அதில் இணைத்தது. 2012 வரை அது ஓடியது. இந்தியாவிலும் 1990-களின் தொடக்கத்தில் தொலைத்தொடர்புத் துறை ஐ-நெட் என்ற பெயரில் எக்ஸ்.25 சேவை நடத்தியது. 1999-ல் வங்கிகளுக்கென்றே இன்ஃபினெட் என்ற தனி நெட்வொர்க் தொடங்கப்பட்டது. ஆனால் அவை பெரும்பாலும் அலுவலகங்களை இணைத்தன. சின்ன ஊர்க் கடைகளுக்குப் பாக்கெட் நெட்வொர்க்கைக் கொண்டுவந்தது செல்போன் டவர்தான். 2ஜி-யில் ஜிபிஆர்எஸ் வந்த பிறகு மெஷின் டெலிபோன் லைனை விட்டு விடுதலையானது. கல்லாப்பெட்டியிலிருந்து எடுத்து வாடிக்கையாளர் கையில் நீட்ட முடிந்தது.

அப்போ ஸ்பீடு போதவில்லையா?

இல்லை. இதுதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். ஒரு கார்டு பரிவர்த்தனைக்கான தகவல் பெரும்பாலும் சில நூறு பைட் அளவுதான். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'குட் மார்னிங்' படம் அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது. அதனால் 2ஜி வேகமே தாராளம்.

வேகத்தைவிட இங்கே முக்கியம், இணைப்பு அறுபடாமல் இருப்பது. தகவலை அனுப்பும் முன் மெஷினும் சர்வரும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டு பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த வேண்டும். அதற்கே சில முறை தகவல் போய் வர வேண்டும். நடுவில் ஒரு பொட்டலம் தொலைந்தாலும் மறுபடி அனுப்ப வேண்டும். அதற்குள் மெஷினின் பொறுமை தீர்ந்தால் 'டைம் அவுட்'.

வீடியோ பார்க்கும்போது 5 வினாடி சிக்னல் போனால் படம் சுற்றும், பிறகு ஓடும். பணம் அனுப்பும்போது அதே 5 வினாடி போனால், ஒருவர் கணக்கில் கழிந்த பணம் அந்தரத்தில் நிற்கும்.

பள்ளத்தாக்கில் பாதை எங்கே அறுகிறது?

முதல் இடம், டவருக்கும் மெஷினுக்கும் நடுவே. ரேடியோ அலை மலையைத் துளைத்துக்கொண்டு போகாது. மலையின் முதுகுப் பக்கம் இருக்கும் கடைக்கு, டவர் சில கிலோமீட்டரில் இருந்தாலும் சிக்னல் நிழல்தான். சின்னமனூரிலிருந்து மலையேறும் மேகமலை எஸ்டேட் பகுதிகளில் சிக்னல் கிடைப்பதே பெரிய விஷயம் என்பது அங்கே சுற்றுலா போனவர்களுக்கும் தெரியும். கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி குமுளி ஏறும்போது இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டு டவரும் கேரள டவரும் மாறி மாறிப் பிடிக்கும். மாறுகிற அந்த நேரத்தில் டேட்டா தடுமாறலாம்.

இரண்டாவது இடம், டவருக்குள்ளேயே. ஒரு டவரால் ஒரே நேரத்தில் இத்தனை பேரைத்தான் தாங்க முடியும். பழைய 2ஜி மெஷின்களுக்கு இது இன்னும் மோசம். 2ஜி-யில் குரல் அழைப்புக்குத்தான் பொதுவாக முன்னுரிமை. எல்லோரும் போனில் பேசிக்கொண்டிருந்தால் டேட்டாவுக்கு இடம் குறையும். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா, கார்த்திகை, மார்கழியில் குமுளி வழியாகப் போகும் சபரிமலை பக்தர் கூட்டம், சுருளி அருவி விடுமுறை நாள் கூட்டம் என்று வியாபாரம் சூடு பிடிக்கும் நாளில்தான் டவரும் திணறும். வருமானம் வரும் நாளில் மெஷின் கைவிடுவது இப்படித்தான்.

மூன்றாவது இடம், டவருக்குப் பின்னால். டவரிலிருந்து நகரத்துக்குத் தகவல் போக ஃபைபர் கேபிளோ, ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்கு அலைவரிசை இணைப்போ வேண்டும். சாலைப் பணியில் பொக்லைன் ஒரு முறை கேபிளை வெட்டினால், அந்த வழியில் இருக்கும் பல டவர்களும் ஊமையாகும். போனில் சிக்னல் கோடு முழுசாக இருக்கும், டேட்டா மட்டும் போகாது. மலைப்பகுதியில் நீண்ட நேர மின்தடை வந்தால் டவரின் பேட்டரியும் தீர்ந்துவிடும்.

நான்காவதுதான் உண்மையான 'சர்வர் டவுன்'. அதாவது வங்கியின் கம்ப்யூட்டரோ, இடையில் இருக்கும் மாற்று மையமோ வேலை செய்யவில்லை.

இதை மெஷினே சில நேரம் காட்டிக்கொடுக்கும். பதில் குறியீடு 51 என்றால் கணக்கில் பணம் போதவில்லை. 55 என்றால் பின் நம்பர் தப்பு. 91 என்றால் உங்கள் வங்கியின் சர்வரோ இடைநிலை அமைப்போ பதில் தரவில்லை. எந்த எண்ணும் வராமல் 'கனெக்ஷன் ஃபெயில்' மாதிரி வந்தால், பிரச்சினை பெரும்பாலும் கடைக்கும் டவருக்கும் நடுவே. வங்கியைத் திட்டிப் பயனில்லை.

பணம் கழிந்து ஸ்லிப் வரவில்லை என்றால்?

இதற்கு ஒரு வழி மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. கேள்வி அனுப்பி பதில் வராவிட்டால், 'நான் கேட்டதை ரத்து செய்' என்று மெஷின் இன்னொரு தகவலைத் தயார் செய்து வைத்துக்கொள்ளும். இதற்கு 'ரிவர்சல்' என்று பெயர். சிக்னல் திரும்பியதும் அடுத்த பரிவர்த்தனைக்கு முன்பாக இதைத்தான் அனுப்பும். அது வங்கிக்குப் போய்ச் சேர்ந்தால் உங்கள் பணம் கணக்குக்குத் திரும்பும்.

இதில் ஒரு சிக்கல். சிக்னல் திரும்பினால்தானே ரிவர்சல் போகும்? 'இது வேலைக்காகாது' என்று கடைக்காரர் மெஷினை அணைத்து மேசைக்குள் போட்டுவிட்டால், அந்த ரத்துத் தகவலும் உள்ளேயே தூங்கும். வங்கிகள் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்துப் பிறகு சரிசெய்யும். ஆனால் நாள் கூடும்.

அதற்காகத்தான் ரிசர்வ் வங்கி கெடு வைத்திருக்கிறது. 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட அதன் சுற்றறிக்கைப்படி, கடையில் கார்டு போட்டு பணம் கழிந்து, கடைக்கு உறுதி வராவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. யுபிஐ-யில் கடைக்குப் பணம் செலுத்தும்போது சிக்கினாலும் இதே 5 நாள்தான். ஒருவர் இன்னொருவருக்கு யுபிஐ-யில் அனுப்பியது சிக்கினால் கெடு இன்னும் குறைவு, மறுநாளுக்குள் திரும்ப வேண்டும்.

முக்கியமான விஷயம், இந்த இழப்பீட்டை வாடிக்கையாளர் கேட்டுத்தான் தர வேண்டும் என்று இல்லை. புகார் வரும் வரை காத்திருக்காமல் வங்கியே தர வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் இப்படி ஒரு விதி இருப்பது தெரிந்தால்தான், வராதபோது கேட்க முடியும். ஏலத்தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகும் ஒருவருக்கு 640 ரூபாய் 5 நாள் முடங்குவது சின்ன விஷயம் இல்லை.

சவுண்ட் பாக்ஸ் சத்தம் வரலை... பணம் வந்ததா?

யுபிஐ-யில் பாதை கொஞ்சம் வேறு. கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு வெறும் தாள். அதற்கு நெட் தேவையில்லை. நெட் வேண்டியது வாங்க வந்தவரின் போனுக்கு. ஸ்வைப் மெஷினில் இது தலைகீழ். மெஷினுக்கு நெட் இருந்தால் போதும், வாடிக்கையாளர் போனையே எடுத்து வராவிட்டாலும் பரவாயில்லை.

இந்த ஒரு வித்தியாசம் மலைப்பகுதிக் கடைக்காரருக்குப் பெரிய உதவி. கடையில் பிஎஸ்என்எல் சிக்னல் மட்டும் வருகிறது, வரும் சுற்றுலாப் பயணிகளிடம் வேறு நிறுவன சிம் இருக்கிறது என்றால், க்யூஆர் கோடு படுத்துவிடும். பிஎஸ்என்எல் சிம் போட்ட ஸ்வைப் மெஷின் வேலை செய்யும்.

சவுண்ட் பாக்ஸ் மூன்றாவது ஆள். அதற்கு உள்ளே தனி சிம் இருக்கிறது. பணம் கடைக்காரர் கணக்கில் சேர்ந்த பிறகு, நிறுவனத்தின் சர்வர் அதற்குத் தகவல் அனுப்புகிறது. அந்த சிம்முக்கு சிக்னல் இல்லை என்றால் பணம் வந்திருக்கும், சத்தம் வராது. 'சத்தம் வரலை, மறுபடி போடுங்க' என்று கடைக்காரர் சொன்னால் வாடிக்கையாளர் இரண்டு முறை கட்டுகிறார். 'மெசேஜ் காட்டுறேன் பாருங்க' என்று போலி ஸ்க்ரீன்ஷாட் காட்டுபவரை நம்பினால் கடைக்காரர் ஏமாறுகிறார். சிக்னல் மோசமான இடத்தில் மோசடிக்காரருக்கு 'நெட் ஸ்லோ அண்ணே' என்ற சாக்கு ரெடிமேடாகக் கிடைக்கிறது.

இதற்கு வழி, ஸ்க்ரீனில் இருக்கும் பச்சை டிக்கைப் பார்க்காமல், 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை வாங்கித் தன் ஆப்பிலோ வங்கிக் கணக்கிலோ பார்ப்பது.

2025 ஏப்ரல் 12 சொன்ன பாடம்

சிக்னல் எல்லாம் சரியாக இருந்தும் நாடு முழுக்க யுபிஐ முடங்கிய நாள் அது. என்பிசிஐ பிறகு சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. 'அந்தப் பரிவர்த்தனை என்ன ஆச்சு?' என்று சில வங்கிகள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் வெள்ளமாகக் குவிந்ததில் அமைப்பு திணறிவிட்டது. பணம் அனுப்பியதைவிட, பணம் போனதா என்று கேட்டதுதான் பாரமாகிவிட்டது.

அதன் பிறகு கட்டுப்பாடுகள் வந்தன. 2025 ஜூன் 16 முதல் பணம் அனுப்பும் கோரிக்கைக்கான பதில் நேரம் 30 வினாடியிலிருந்து 15 வினாடியாகக் குறைக்கப்பட்டது. ஆகஸ்ட் 1 முதல், ஓர் ஆப்பில் ஒரு நாளைக்கு 50 முறைக்கு மேல் பேலன்ஸ் பார்க்க முடியாது. நிலுவையில் இருக்கும் பரிவர்த்தனையின் நிலையைப் பார்ப்பதற்கும் எண்ணிக்கை, இடைவெளிக் கட்டுப்பாடு உண்டு. அதே ஆகஸ்ட் மாதத்தில்தான் யுபிஐ பரிவர்த்தனைகள் முதல்முறையாக ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டின.

கம்பத்தில் நிற்கும் ஒருவருக்கு இதில் என்ன? சிக்னல் மோசமான இடத்தில் 'பிராசசிங்' என்று சுற்றும்போது ஆப்பை மூடித் திறந்து, ரீஃப்ரெஷ் அடித்து, மறுபடி அனுப்புவதுதான் எல்லோரும் செய்வது. அது பணத்தை வேகப்படுத்தாது. இரண்டு முறை போகும் ஆபத்தைத்தான் கூட்டும்.

ரேஷன் கடை, உரக்கடையில் என்ன நடக்கிறது?

தமிழ்நாட்டில் 2017 ஏப்ரலிலிருந்து ஸ்மார்ட் குடும்ப அட்டை, 2020 அக்டோபரிலிருந்து கைரேகை சரிபார்ப்பு. இங்கே பாதை இன்னும் நீளம். மெஷினிலிருந்து மாநில அரசின் சர்வர், அங்கிருந்து ஆதார் ஆணையத்தின் சர்வர், பிறகு அதே வழியில் திரும்ப. எந்த ஒரு கண்ணி அறுந்தாலும் 'கைரேகை விழலை' அல்லது 'சர்வர் வேலை செய்யலை'.

ஸ்வைப் மெஷின் படுத்தால் ரொக்கம் கொடுத்துவிடலாம். ரேஷன் கடையில் அது அவ்வளவு எளிதில்லை. விடியற்காலை ஜீப் ஏறி கேரள ஏலத்தோட்டத்துக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பும் தொழிலாளிக்கு ரேஷன் வாங்குவதே ஒரு நாள் லீவு. அன்று மெஷின் இணையாவிட்டால் இன்னொரு நாள் கூலியும் போகும். களையெடுத்து, காய் பறித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை சரியாக விழாது என்பது அதற்கு மேல். கருவிழி ஸ்கேன் வந்தது அந்தக் குறைக்குத்தான். ஆனால் கருவிழியும் அதே சிம், அதே டவர் வழியாகத்தான் போக வேண்டும்.

உரக்கடையிலும் இதே கதை. 2018-லிருந்து நாடு முழுக்க, உர நிறுவனங்களுக்கு மானியம் விடுவிக்கப்படுவது, சில்லறைக் கடையின் பிஓஎஸ் மெஷினில் பதிவாகும் விற்பனையின் அடிப்படையில். மெஷினில் ஏறாத மூட்டை கணக்கில் விற்காத மூட்டை. அதனால் நெட் இல்லை என்றால் கடைக்காரர் மூட்டையைத் தரத் தயங்குகிறார். முல்லைப் பெரியாறு தண்ணீர் வந்து, நடவு முடிந்து, மேலுரம் போட வேண்டிய வாரத்தில் இரண்டு நாள் தாமதம் என்றால் விவசாயிக்கு அது வெறும் தாமதம் இல்லை.

சிக்னல் இல்லாமல் பணம் அனுப்பவே முடியாதா?

சில வழிகள் இருக்கின்றன. ஸ்டார் 99 ஹேஷ் என்று டயல் செய்து வரும் மெனு மூலம் பணம் அனுப்பலாம். இதற்கு டேட்டா தேவையில்லை. நெட்வொர்க்கின் கட்டுப்பாட்டுத் தடத்தில் இது போகிறது. சாதாரண பட்டன் போனிலும் நடக்கும். உச்சவரம்பு 5,000 ரூபாய்.

யுபிஐ 123பே 2022 மார்ச்சில் வந்தது. குரல் அழைப்பு, மிஸ்டு கால் வழியாக பட்டன் போனில் பணம் அனுப்பலாம். இதன் வரம்பை 5,000-லிருந்து 10,000 ரூபாயாக உயர்த்துவதாக ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் அறிவித்தது.

மூன்றாவது, ஆஃப்லைன் பேமென்ட். இதற்கான விதிமுறையை ரிசர்வ் வங்கி 2022 ஜனவரியில் கொண்டுவந்தது. அப்போது ஒரு முறைக்கு 200 ரூபாய். 2023-ல் 500 ஆனது. யுபிஐ லைட்டுக்கு 2024 டிசம்பரில் ஒரு முறைக்கு 1,000, மொத்தம் 5,000 என்று உயர்ந்தது. போனிலேயே கொஞ்சம் பணத்தை முன்கூட்டி ஏற்றி வைத்துக்கொள்ளும் முறை இது. போன் தொலைந்தால் எவ்வளவு நஷ்டம் என்பதையும் யோசித்துத்தான் வரம்பு இவ்வளவு சின்னதாக இருக்கிறது.

ஆனால் முதல் இரண்டு வழிகளுக்கும் டவர் வேண்டும். டேட்டா வராமல் அழைப்பு மட்டும் வரும் இடத்தில் உதவும். டவரே இல்லாத எஸ்டேட் லைன் வீட்டில் உதவாது.

யார் பொறுப்பு?

இங்கேதான் ஓர் ஓட்டை இருக்கிறது. எந்த வங்கியில் எத்தனை சதவீத யுபிஐ பரிவர்த்தனை தொழில்நுட்பக் கோளாறால் தோற்றது என்று என்பிசிஐ மாதாமாதம் வெளியிடுகிறது. ஆனால் டவரைத் தாண்டாமலேயே செத்துப்போன கோரிக்கை அந்தக் கணக்குக்கு வராது. அது என்பிசிஐ-யின் வாசலையே தொடவில்லையே. அதாவது, சிக்னல் மோசமான ஊரின் தோல்விகள் எந்த அட்டவணையிலும் இல்லை.

தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் 2024-ல் புதிய சேவைத்தர விதிகளைக் கொண்டுவந்தது. செல்போன் நிறுவனங்கள் எந்த இடத்தில் 2ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கும் என்ற வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும். ஒரு மாவட்டத்தில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவு, பிரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டிப்பு தர வேண்டும்.

நல்ல விதிதான். ஆனால் அளவுகோல் மாவட்டம். தேனி நகரத்தில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, மலைமேல் ஒரே ஒரு டவர் இரண்டு நாள் படுத்தால் அது மாவட்ட முடக்கம் இல்லை. அந்த ஒரு டவரை நம்பி இருக்கும் கடைக்கும் ரேஷன் கடைக்கும் அதுதான் முழு முடக்கம்.

டவரைக் கூட்டும் வேலையும் நடக்கிறது. 4ஜி இல்லாத 24,680 கிராமங்களுக்கு 26,316 கோடி ரூபாயில் சேவை தரும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூலையில் ஒப்புதல் தந்தது. பொறுப்பு பிஎஸ்என்எல்-க்கு. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் பாரத்நெட் வேலை டான்ஃபினெட் வசம் இருக்கிறது. ஃபைபர் ஊராட்சி அலுவலகம் வரை வந்தால் போதாது. அங்கிருந்து ரேஷன் கடைக்கும் கூட்டுறவு உரக்கடைக்கும் ஒரு வயர் போனால், இவற்றின் மெஷின்கள் டவரை மட்டும் நம்பி நிற்க வேண்டியதில்லை.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

* மெஷின் வாங்கும்போதே கடையில் எந்த நெட்வொர்க் நன்றாக எடுக்கிறது என்று பார்த்து, அந்த சிம்மைக் கேளுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தாலும் சிம் மாற்றித் தரச் சொல்லலாம்.
* பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை வசதியுள்ள மெஷினைக் கேளுங்கள். சிம் படுத்தாலும் இன்னொரு வழி இருக்கும்.
* பரிவர்த்தனை பாதியில் நின்றால் உடனே மெஷினை அணைக்காதீர்கள். சிக்னல் வரும் இடத்துக்கு எடுத்துப் போய் இணைய விடுங்கள்.
* இரவு கடை சாத்தும் முன் 'செட்டில்மென்ட்' போனதா என்று பாருங்கள். அது போகாவிட்டால் அன்றைய கார்டு பணம் உங்கள் கணக்குக்கு வருவது தாமதமாகும்.
* சவுண்ட் பாக்ஸ் சத்தத்தை மட்டும், வாடிக்கையாளர் காட்டும் ஸ்க்ரீனை மட்டும் நம்ப வேண்டாம்.

வாடிக்கையாளர்கள் கவனிக்க வேண்டியவை

* பணம் கழிந்த மெசேஜ் வந்துவிட்டால் மறுபடி கார்டு போடும் முன் கணக்கைப் பாருங்கள். 'ஃபெயில்' என்று மெஷின் காட்டினால் அந்த ஸ்லிப்பையும் வாங்கி வையுங்கள்.
* 5 நாளில் பணம் திரும்பவில்லை என்றால் கார்டு கொடுத்த உங்கள் வங்கியில் புகார் கொடுங்கள். கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, பணம் அவரிடம் இல்லை.
* வங்கி 30 நாளில் தீர்வு தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448.
* யுபிஐ புகாருக்கு என்பிசிஐ-யின் இலவச எண் 1800 120 1740. மோசடி என்றால் உடனே 1930.
* ரேஷன் கடை மெஷின் பிரச்சினைக்கு 1967.
* கூகுளில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்ணை அழைக்காதீர்கள். சிக்கிய பணத்தைத் தேடுபவர்களைக் குறிவைத்தே போலி எண்கள் உலவுகின்றன. வங்கி எண்ணை கார்டின் பின்புறம் பார்த்து எடுங்கள்.

மொத்தத்தில்...

'சர்வர் டவுன்' என்று ஒரே வார்த்தையில் முடிப்பதால் செல்போன் நிறுவனமும், வங்கியும், மெஷின் கொடுத்தவரும், அரசுத் துறையும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொள்ள முடிகிறது. எந்தக் கண்ணி அறுந்தது என்று கேட்கத் தெரிந்தால், யாரிடம் கேட்பது என்பதும் தெரியும். சில நூறு பைட் தகவல் மலையைத் தாண்டிப் போய்த் திரும்புவதற்கு அதிவேக 5ஜி தேவையில்லை. அறுபடாத ஒரு பாதையும், அறுந்தால் கை மாற்றிவிட இன்னொரு பாதையும் போதும். அந்த இரண்டாவது பாதை வரும் வரை, மலைமேல் போகிறவர்கள் பையில் கொஞ்சம் ரொக்கமும் வைத்துக்கொள்வது நல்லது.